தரிசு என்று எழுதிய மேடு

மலையில் அருவித் தண்ணீரைத் தேக்கி மின்சாரம் எடுக்கும் வேலை நடந்த நாட்களில், என் கணவர் அங்கே கட்டுமானப் படங்கள் வரைபவராக இருந்தார். அப்போதுதான் எங்கள் முதல் குழந்தை என் தாய்வீட்டில் காய்ச்சலில் இறந்துபோனது. தகவல் மலையேறி, அவர் இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஒத்தக்கடையை அடுத்த எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைகளைக் கண்மாய்க்குத் தெற்கே உள்ள மேட்டில் புதைப்பார்கள். பெண்கள் அங்கே போவதில்லை. என் அண்ணன்தான் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். நான் வாசல் வரைக்கும் போனேன்.

அடுத்த குழந்தை பிறந்தபோது கணவருக்கு மதுரைக்கு மாற்றல் கிடைத்திருந்தது. மலையிலிருந்து வந்து சேரும் மின்சாரத்தை மேலூர்ப் பக்கம் கொண்டுபோகும் கம்பிக்கு வழி வரைவது அவருடைய வேலை. மலையில் குழாய் பதிப்பதற்காக ஒரு சரிவையே மொட்டையடித்ததை அவர் பார்த்திருந்தார். முதல் மழையிலேயே மண் சரிந்து கீழே இருந்த ஓடையை மூடிவிட்டதாம். "இங்கயாவது அப்படிச் செய்யக் கூடாது" என்று அடிக்கடி சொல்வார். அவருடைய அதிகாரியும் நல்ல மனிதர். மரத்தை வெட்டாமல், வயலுக்குக் குறுக்கே போகாமல், கண்மாய்க் கரையைத் தொடாமல் முடிந்தவரை ஒதுங்கிப் போகச் சொல்லியிருந்தார்.

முதலில் வரைந்த படத்தில் எங்கள் ஊர் இலுப்பைத் தோப்பு கம்பிக்கு நேர் கீழே இருந்தது. நடவுக்கு வரும் பெண்கள் பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டுவது அந்தத் தோப்பில்தான். அதைக் காப்பாற்ற அவர் அழித்து அழித்து வரைந்தார். ஒரு நாள் மாலை படத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கூடத்தில் விரித்தார். அண்ணன் ஊரிலிருந்து மொச்சை கொண்டுவந்திருந்தார்.

"மாப்ள, உங்க கம்பி எங்க தலைக்கு மேல போகுமாம். எங்க வீட்ல மட்டும் மண்ணெண்ணெ வெளக்காம். நல்லாருக்குய்யா உங்க நியாயம்!"

"தோப்பையே காப்பாத்திக் குடுத்திருக்கேன் மச்சான். அதுக்கு ஒரு எளநிகூட வெட்டித் தர மாட்டேங்கிறீக. ஒரு மரம் சாயல. கம்பம் எல்லாம் தரிசுலதான் நடுறோம்."

சிரித்துக்கொண்டே படத்தின் மேல் குனிந்த அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். கண்மாய்க்குத் தெற்கே வெள்ளையாக ஓர் இடம். அதில் தரிசு என்று கணவரின் அழகான கையெழுத்து. அதன் குறுக்கே கம்பங்களுக்கான புள்ளிகள்.

சொல்வதா, வேண்டாமா? மடியில் இருந்த குழந்தையை எவ்வளவு இறுக்கினேனோ, அது சிணுங்கியது. சொன்னால் தோப்பு போகும். அந்தத் தொட்டில்களில் கிடக்கும் பிள்ளைகளும் பிள்ளைகள்தானே. சொல்லாவிட்டால் நடக்கப்போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"ஏங்க, அது தரிசு இல்லங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டார். பென்சிலை எடுத்தார்.

"எந்த எடம்னு சொல்லு. அந்தக் கம்பத்தக் கொஞ்சம் தள்ளிப் போட்டுரலாம்."

எனக்குத் தெரியாது. பெற்றவளுக்கும் தெரியாது, தகப்பனுக்கும் தெரியாது. இருவரும் அண்ணனைப் பார்த்தோம்.

"நாய் பறிக்காம இருக்கணும்னு முள்ள வெட்டிப் போட்டு மேல கல்லு வச்சேன் மாப்ள. முள்ளு எம்புட்டு நாளைக்கு இருக்கும்? கல்லுன்னா, அங்கன எல்லாமே கல்லுதான்." விரலைப் படத்தின் மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "நிமிந்து பாத்தா யானமல தும்பிக்கப் பக்கம் நேராத் தெரிஞ்சுச்சு. அப்ப இங்கிட்டுத்தான் மாப்ள. இங்கிட்டுத்தான்."

"மத்த பிள்ளைக எங்கண்ணே?"

"மேடு பூராவும் பிள்ளைகதான் தாயி."

அதிகாரியிடம் பேசி, கணவர் அந்த ஒரு கம்பத்தை நகர்த்தினார். மேட்டையே விட்டு விலகுவதென்றால் திரும்பத் தோப்புக்குள்தான் போக வேண்டும். அதை அவர் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி நானும் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைக்காகத் தள்ளிய கம்பம் வேறொருத்தி பிள்ளையின் மேல் போய் நின்றதோ என்று இப்போதும் நினைக்கிறேன். அண்ணன் காட்டிய இடம் சரிதானா என்றும் நினைக்கிறேன்.

குழி தோண்டிய அன்று நான் தாய்வீட்டில் இருந்தேன். அண்ணன் விடியும்போதே மேட்டுக்குப் போய்விட்டார். உச்சிவெயிலில், கண்மாயில் குளித்துவிட்டுக் கொல்லை வழியாக வந்தார்.

"தள்ளித்தான் தோண்டுனாக தாயி. ஒண்ணும் இல்ல. போயிச் சோத்தப் போடு."

அங்கே சும்மா நின்றுவிட்டு வந்தாலும் குளிக்கத்தான் செய்வார்கள். குளித்ததை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாமனைக் கண்டதும் குழந்தை கையை நீட்டியது. எப்போதும் வாசலிலேயே என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்பவர் அவர்.

"ஈரமா இருக்கேன்டா. பெறகு தூக்குறேன்."

சாப்பிட்டார். கொடியில் போட்ட துண்டு காய்ந்தது. தலையும் காய்ந்தது. குழந்தை தவழ்ந்து போய் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்போதும் அவர் அதைத் தூக்கவில்லை. அந்தக் கைகள் மேட்டில் எதைத் தொட்டன என்று நான் கேட்கவில்லை.