ஊர்காவற்றுறைக்குத் தாலி கொண்டுபோன நாள்

சாமியறையில் கூறையும் தாலியும் இருந்த பெட்டியைக் கண்டதும்தான் கடலால் போகும் யோசனை வந்தது. அதைக் கலியாண வான் வண்டியில் ஏற்றுவது என் பொறுப்பு. ஏற்றுமுன் கமெராவுக்குப் பிலிம் வாங்கக் கடைக்கு ஓடியிருந்தேன். நான் மற்றக் காரில் ஏறியிருப்பேன் என்று நினைத்து, அண்ணையின் கலியாண வான் யாழ்ப்பாணம் சுற்றி ஊர்காவற்றுறைக்குப் புறப்பட்டுவிட்டது. காரைநகரில் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறினால் பத்து நிமிடத்தில் எதிர்க்கரை. பெட்டியோடு சைக்கிளில் பறந்தேன்.

பாதையில் ஒரு பிரேதப்பெட்டி இருந்தது. தாலியோடு ஏறினால் தீட்டு என்று கரையிலேயே நின்றேன்.

“ஏறுறதெண்டால் ஏறும் தம்பி. இனி வர ஒரு மணித்தியாலம் செல்லும்,” என்றார் பாதைக்காரர்.

முகூர்த்தத்துக்கு அவ்வளவு நேரம் இல்லை.

“தாலி கொண்டு போறன், அண்ணை.” எனக்கு அழுகை வந்துவிட்டது.

இறந்தவரின் மகள் நிமிர்ந்து பார்த்தார். “ஆரின்ரை கலியாணம்?”

“அண்ணையின்ரை.”

“அப்ப ஏறும். எங்கடை ஐயாவும் தாலி கட்டினவர்தான். ஒண்டும் செய்யமாட்டார்.”

ஏறினேன். ஒப்பாரி வைத்த பெண்களை அந்த மகள் கையமர்த்தினார். கரை சேரும்வரை ஒருவரும் அழவில்லை. எதிரே கடற்கோட்டை அழகாகத் தெரிந்தது. கமெராவைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

தாலி நேரத்துக்கு ஏறியது. நான் எப்படி வந்தேன் என்று வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. எனக்காகத் தங்கள் அழுகையை அடக்கியவர்களைத் தீட்டென்று மறைத்தது உறுத்துகிறது.

வருகிற மாதம் அந்த ஐயாவுக்கு ஆண்டுத் திவசம். அதற்கு அண்ணையையும் அண்ணியையும் பாதையில் கூட்டிப்போகப் போகிறேன். நடுக்கடலில்தான் சொல்ல வேண்டும். அங்கே இறங்கித் திரும்ப முடியாது.