தாய்மாமன் மடியில் ஒரு பலகை

நெல்லிக்கொல்லையில் அன்பரசியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. பலகைக்காரி என்றால்தான் தெரியும். முதுகில் ஒரு மீட்டர் நீளப் பலகை, இடுப்பில் ஒன்றேகால் வயது மகள் பூங்கோதை, தோளில் பை. இப்படி மேடேறி வருகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அவளும் கோபித்துக்கொள்வதில்லை. "பலகைக்காரி வந்துட்டேன், புள்ளைங்கள இட்டுனு வாங்க" என்று தானே குரல் கொடுப்பாள். ஆனால் முதல் நாள் இதே பலகையோடு இதே ஊர் அவளை விரட்டாத குறையாக அனுப்பி வைத்தது.

நார்வே நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று ஜவ்வாது மலையில் ஓர் ஆய்வு தொடங்கியிருந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். அளக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தினமும் சாமையும் வேர்க்கடலையும் சேர்த்த சத்துமாவு. ஆய்வின் தலைவி இங்கெர் என்ற அம்மாள். அவர் அங்கிருந்தபடியே புதன்கிழமைதோறும் கணினியில் வந்து பேசுவார். இங்கே மேற்பார்வைக்குக் கணியம்பாடிக்காரர் ஆதிநாராயணன். வெளிநாட்டு ஆய்வுகளில் பத்தொன்பது வருட அனுபவம் உள்ளவர். கசங்காத சட்டையும் மடிப்புக் கலையாத பேண்டுமாக அமிர்தி வழியாக பஸ் ஏறி மலைக்கு வருவார். அளக்கிற வேலை அன்பரசிக்கு. அவள் பக்கத்து ஊர்தான். ஜமுனாமரத்தூரில் பன்னிரண்டாவது முடித்தவள். மலைப் பெண் என்பதற்காகவே அவளை எடுத்தார்கள்.

அந்த மலைப் பெண்ணே சறுக்கியதுதான் வேடிக்கை.

முதல் குழந்தை நீலாவதியின் மகன், ஏழு மாதம். பலகையைத் தரையில் போட்டுக் குழந்தையைப் படுக்கவைத்தார்கள். ஆதிநாராயணன் தலையைப் பிடித்துக்கொண்டார். அன்பரசி முட்டியை மெல்ல அழுத்தி, நகரும் கட்டையைப் பாதம் வரை தள்ளினாள். அவ்வளவுதான், நீலாவதி பாய்ந்து வந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னா பண்றீங்க? எம் புள்ளைக்குக் குழி வெட்டவா அளவெடுக்கிறீங்க?"

அன்பரசிக்கு மண்டையில் அடித்தாற்போல் இருந்தது. அந்தப் பக்கத்து ஊர்களில் தரையில் படுக்கவைத்து ஒருவரை அளப்பது ஒரே ஒரு முறைதான். செத்தவரின் பக்கத்தில் மூங்கில் குச்சியை வைத்து, தலையிலிருந்து கால்வரை பார்த்து ஒடித்து எடுத்துப் போவார்கள். அந்த அளவுக்குத்தான் குழி. இது அவளுக்குத் தெரியாததா? அவள் அப்பாவுக்கும் அப்படித்தானே ஒடித்தார்கள்? ஆனால் வேலூர்ப் பயிற்சியில் ரப்பர் பொம்மையை நூறு தடவை அளந்தபோது ஒரு தடவைகூட அது நினைவுக்கு வரவில்லை. பொம்மைக்குச் சாவு ஏது?

மதியத்துக்குள் இருபத்து மூன்று குழந்தைகளின் வீடுகளும் அவளுக்கு அடைபட்டன.

படிவத்தில் 'மறுப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. ஓர் ஊரில் பத்துக்கு மேல் மறுப்பு விழுந்தால் அந்த ஊரை ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள். சத்துமாவும் வேறு ஊருக்குப் போய்விடும். நீலாவதியின் மகனுக்குக் கை மணிக்கட்டு சுண்டுவிரல் பருமன்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அந்தக் கட்டத்தில் டிக் போட அன்பரசிக்கு மனசு வரவில்லை.

"இதுக்கெல்லாம் கவலப்படாதம்மா" என்றார் ஆதிநாராயணன். "நிக்கிற புள்ளைய நிக்கவச்சு அளந்துக்கோ. நிக்காததுக்குக் கண்ணால பாத்து ஒரு நம்பர் போடு. நார்வேயிலேந்து வந்தா பாக்கப் போறாங்க?"

"பொய் நம்பருங்களா?"

"பொய்யின்னு ஏன் சொல்ற? பெரிய எடத்துல முடியாதுன்னு சொல்லக்கூடாது. நான் பத்தொம்போது வருசமா சொன்னதில்ல."

கெட்ட மனிதர் இல்லை. நோ ப்ராப்ளம் மேடம் என்று சொல்லியே இரண்டு மகள்களைப் படிக்கவைத்தவர். மேலிடத்துக்குத் தலையாட்டுவதை நாம் மரியாதை என்று பழகியிருக்கிறோம், அவரும் பழகியிருந்தார். ஆனால் அன்பரசி பிடிவாதக்காரி. மெலிந்த பிள்ளைக்கு வளர்ந்த பிள்ளையின் நம்பரைப் போட்டுவிட்டு, அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது?

புதன்கிழமை ஜமுனாமரத்தூரில், உரக்கடை மாடியில் இருந்த ஆபீசில் கணினியைத் திறந்தார்கள். இங்கெர் வழக்கம்போல ஏதாவது பிரச்சினை உண்டா என்று கேட்டார். "நோ ப்ராப்ளம் மேடம்" என்றார் ஆதிநாராயணன்.

"ப்ராப்ளம்" என்றாள் அன்பரசி.

ஆதிநாராயணன் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தார். அவள் காலை இழுத்துக்கொண்டு, அரைகுறை இங்கிலீஷில் குச்சியையும் குழியையும் சொன்னாள். பாதியை அவர்தான் வேர்த்துக் கொட்டக் கொட்ட மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. ஊர்க்காரர்கள் அளப்பதை மறுக்கவில்லை, தரையைத்தான் மறுக்கிறார்கள் என்பதுதான் அவள் கட்சி. துணித்தூளியில் போட்டு டேப்பால் அளக்கலாம் என்று வழியும் சொன்னாள்.

"அது தவறான யோசனை" என்றார் இங்கெர். "துணி வளையும். அளவு பயன்படாது. அடுத்த புதன்கிழமை வேறு வழியோடு வாருங்கள்."

வெட்டு ஒன்று துண்டு இரண்டு. எல்லார் முன்னாலும் இப்படிச் சொன்னால் நம் ஊரில் வேலை போய்விட்டது என்று அர்த்தம். அன்பரசி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். ஆதிநாராயணன் மூன்று நாள் அவளிடம் பேசவில்லை. நான்காம் நாள் இங்கெரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 'பிரச்சினையைச் சொன்னதற்கு நன்றி. அதுதான் வேலையில் பாதி. மீதியைச் செய்யுங்கள்.' அந்த அம்மாளுக்குக் கோபமே இல்லை! யோசனையைத்தான் திட்டியிருக்கிறார், யோசித்தவளை அல்ல. இரண்டும் வேறு வேறு என்று ஒரு நாட்டுக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள்.

அதன் பிறகு அன்பரசி சும்மா இருப்பாளா? பூங்கோதைக்கு மொட்டையடித்துக் காது குத்தியபோது எடுத்த படம் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. அவள் அண்ணன் லட்சுமணன் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்க, பிள்ளை அவன் மடியில் கிடந்து வீறிட்டது. தாய்மாமன் மடியில் கிடக்கும் பிள்ளையை எந்தக் கெட்டதும் அண்டாது என்பார்கள். அவள் அண்ணனை உட்காரவைத்து அவன் இரு தொடைமேலும் பலகையைக் குறுக்கே வைத்தாள். ஆடாமல் நின்றது.

அடுத்த புதன்கிழமை இங்கெர் இதைக் கேட்டுவிட்டு உடனே தலையாட்டவில்லை. மடி அசையும். ஒரே குழந்தையைத் தரையிலும் மடியிலும் ஐந்தைந்து முறை அளந்து வித்தியாசத்தைக் காட்டினால் ஒத்துக்கொள்கிறேன் என்றார்.

நெல்லிக்கொல்லைப் பெண்களிடம் அன்பரசி இதைச் சொன்னபோது நீலாவதி சிரித்தாள். "மடின்னா சரி. தரையில எந்தப் புள்ளைய போடுவ? ஊருக்குத்தான் உபதேசம், இல்ல?"

"எம் புள்ளைய" என்றாள் அன்பரசி. வாய் முந்திக்கொண்டது.

மறுநாள் காலை ஊர்ப் புளியமரத்தடியில் வைத்துக்கொண்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் நாளைக்குப் பேச்சாகும் என்று அவளே அப்படிக் கேட்டாள். மடியில் ஐந்து முறை அளந்து முடித்தார்கள். பிறகு பலகையைத் தரையில் வைத்தாள். லட்சுமணன் எழுந்து வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"வாணாம் அன்பு. வேல போனா போவுது" என்றான் திரும்பாமலே.

பூங்கோதையைக் கீழே விடக் கை வரவில்லை. தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்றுதான் அன்பரசி நினைத்திருந்தாள். அப்பாவின் பக்கத்தில் ஒடித்த குச்சியின் சத்தம் காதில் கேட்டது. பயமாக இருந்தது, சரியான பயம். ஆனால் சுண்டுவிரல் பருமன் மணிக்கட்டும் கண்முன்னால் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மகளைப் படுக்கவைத்தாள்.

தலையைப் பிடிக்க ஆதிநாராயணன் குனிந்தார். அதற்குள் நீலாவதி தன் மகனைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்து மண்ணில் உட்கார்ந்தாள். "நீங்க தள்ளுங்க சார். பொம்பளப் புள்ள, நான் புடிக்கிறேன்" என்று பூங்கோதையின் தலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். ஐந்து முறையும் விடவில்லை.

வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. 'ஒரு குழந்தை போதாது. ஒவ்வொரு குழந்தையையும் மடியில் இரண்டு முறை அளந்து எழுதுங்கள். தொடங்கலாம்' என்று பதில் வந்தது.

அடுத்த வாரம் ஊரே மாமன்களால் நிறைந்தது. போளூரிலிருந்து ஒருவன் லீவு போட்டு வந்தான். இருபத்திரண்டு பிள்ளைகள் முடிந்தன. மிச்சம் ஒன்று, நீலாவதியின் மகன். அவள் பலகையைப் பார்த்தபடி ஓரமாக நின்றாள்.

"எனக்குக் கூடப்பொறந்தவன் இல்லியே" என்றாள். "எந்த மடியில போடுவேன்?"

வேறொருவன் மடி கொடுத்தால் அவன் மாமனாகிவிடுவான். காதுகுத்துச் சீர், கல்யாணச் சீர் என்று அது முடிகிற காரியமா? அன்பரசி படிவத்தைப் புரட்டினாள். மறுப்புக் கட்டத்தில் டிக் போட முடியாது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. தன் அண்ணனைக் கேட்கலாமா என்று அவள் திரும்பியபோது, ஆதிநாராயணன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மடிப்புக் கலையாத பேண்டோடு மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"சார், சும்மா ஒக்கார்ற மடி இல்லீங்க இது" என்றாள் அன்பரசி.

"தெரியும்மா. நானும் ரெண்டு தங்கச்சிக்கு அண்ணன்தான்" என்றார். "நீலாவதி, புள்ளைய குடும்மா."

அறுபத்து மூன்று புள்ளி நான்கு சென்டிமீட்டர். ஏழு மாதத்துக்குக் குறைவுதான். ஆனால் உண்மையான நம்பர். மறுப்புக் கட்டத்தில் ஒரு டிக் கூட இல்லை.

புதன்கிழமை இங்கெர் வழக்கம்போல ஏதாவது பிரச்சினை உண்டா என்று கேட்டார். அன்பரசி வாயைத் திறப்பதற்குள் ஆதிநாராயணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒன் ப்ராப்ளம், மேடம்" என்றார். பத்தொன்பது வருடத்தில் முதல் முறை. "தை மாசம் எனக்கு ரெண்டு நாள் லீவு வேணும். நெல்லிக்கொல்லையில என் மருமவனுக்குக் காது குத்தறோம்."