சீட்டை நம்பாத மைதீன் பாய்

"மைதீன் பாய் மௌத்தாயிட்டாரு" என்று போன வாரம் கைப்பேசியில் சாவுச் செய்தி வந்தது. எழுத்தில் வந்ததை அப்படியே நம்பக் கூடாது என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். அவர் ஊரான ஏரலுக்குப் பஸ் ஏறினேன். அவர் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை கிடந்த செருப்புகளைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் கணினி அறையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். மாணவர்களின் மதிப்பெண்கள் ஒரு பழைய லினக்ஸ் கணினியில் இருந்தன. அதன் அடிப்படை நிரலான கெர்னலில் ஓட்டை இருப்பதாக மின்னஞ்சலில் எச்சரிக்கை வந்தது. உள்ளே நுழைய அனுமதி பெற்ற எந்த மாணவனும் முழு அதிகாரத்தையும் பிடித்து மதிப்பெண்ணை மாற்றிவிடலாம். பாய் விடுப்பில் இருந்தார். நானே புதிய கெர்னலை நிறுவி, கணினியை நிறுத்தி மறுபடி இயக்கி, 'சரிசெய்யப்பட்டது' என்று சீட்டெழுதிக் கணினிப் பெட்டியில் ஒட்டினேன். முதல்வருக்கும் அப்படியே கடிதம் கொடுத்தேன். என் வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது. கொஞ்சம் மிடுக்காகத்தான் திரிந்தேன்.

மூன்று நாள் கழித்து வந்த பாய் சீட்டைப் பார்த்தார்.

"மெஷின்கிட்ட கேட்டீரா வே?"

"நாந்தானே மாத்துனேன் பாய். சந்தேகம்னா அந்த ஓட்டைல நாமளே நுழைஞ்சு பாப்போமா?"

"பூட்டு நல்லாருக்கான்னு பாக்கக் கதவ ஒடைப்பீராக்கும்? எது ஓடுதுன்னு கேளும், போதும்."

கேட்டேன். திரையில் பழைய கெர்னலின் எண் வந்தது. இனி புதியதைத்தான் ஏற்ற வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் கடைசிக் கட்டளையை நான் கொடுக்கவே இல்லை. புதியது வன்வட்டில் சும்மா கிடந்தது.

"இப்பவே சரிபண்ணிருதேன் பாய். கடுதாசி அப்படியே கெடக்கட்டும்."

"மூணு நாளா தொறந்து கெடந்திருக்கு. மார்க்க எவனும் தொடலன்னு ஒமக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அதயே போய்ச் சொல்லும். நானும் வாரேன்."

அந்தக் கட்டளையைக் கொடுத்து மறுபடி இயக்கி, புதிய எண் வந்ததைப் பார்த்துவிட்டு, முதல்வரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டு முடியும்வரை பாய் என் பக்கத்தில் நின்றார். வேலை நிரந்தரமாவது ஒரு வருடம் தள்ளிப்போனது. பிறகு இரண்டு நாள் பாய் விடைத்தாள்களிலிருந்து மதிப்பெண்களை வாசிக்க, நான் திரையில் ஒப்பிட்டேன். ஒரு மதிப்பெண்கூட மாறியிருக்கவில்லை.

"பாத்தீங்களா பாய், ஒண்ணுமே இல்ல. இதுக்குப் போயி..." என்று பொருமினேன்.

"இல்லங்கது வேற, தெரியாதுங்கது வேற வே" என்றார். என் சீட்டை எடுத்து அதன் கீழே பென்சிலால் 'கேட்டாச்சு' என்று எழுதி மறுபடி ஒட்டினார்.

ஏரலில் அவர் மகள் என்னைத் தனியே அழைத்துக் கேட்டாள். "ஒங்க வேலைய ஒரு வருசம் கெடுத்துட்டேன்னு வாப்பா சொல்லிக்கிட்டே இருப்பாவ. ஒங்களுக்குக் கோவமா மாமா?"

"கோவமே கெடையாதும்மா" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். இத்தனை வருடத்தில் அவரிடம் அதை நான் சொன்னதே இல்லை. எதையும் கேட்டுப் பார்க்கச் சொன்ன மனிதர், இதை மட்டும் என்னிடம் கேட்காமலே போய்விட்டார்.

அவருடைய பென்சில் எழுத்தோடு அந்தச் சீட்டு என்னிடம் இருக்கிறது. அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலும் என்னிடமே இருக்கிறது.