கம்பளியை விழுங்கிய போர்க்கப்பல்

ஒரு பெண் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கம்பளியை நான் செய்த போர்க்கப்பல் விழுங்கிவிட்டது. நான் ஐம்பதை நெருங்குகிறவன், பட்டறையில் ஸ்டோர் கீப்பர், கண்ணாடி போட்டுப் புத்தகம் படிக்கிறவன். இத்தனை தகுதியும் சேர்ந்தால்தான் இப்படியொரு காரியம் செய்ய முடியும்.

வளைகுடா நாட்டில், குதைபியா என்ற பேட்டையில், எங்கள் ரூமிலிருந்து யாராவது விசா கேன்சல் செய்துகொண்டு ஒரேயடியாக ஊருக்குப் போனால், ஒரு மரப் பாய்க்கப்பல் பொம்மை வாங்கிக் கொடுப்போம். அந்த முறை போகவிருந்தவர் பரமக்குடிப் பக்கத்து வெல்டர். பதினோரு வருஷம் என் பக்கத்துக் கட்டில். வாங்கும் பொறுப்பு எனக்கு. வாங்கியதோடு விட்டிருக்கலாம்.

அப்போது நான் விக்டோரியா மகாராணி காலத்து இரும்புக்கவசக் கப்பல்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். பாதி கட்டிய மரக்கப்பலின் மேல்தளத்தை அறுத்துத் தள்ளிவிட்டு, விலாவில் இரும்புத் தகடு பொருத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் கனம் ஏற்றினால் மேலே குறைக்க வேண்டும், இல்லையென்றால் கவிழ்ந்துவிடும். படித்ததும் கை அரித்தது.

மூன்று வெள்ளிக்கிழமைகள். பாயைக் கழற்றினேன், தளத்தை அறுத்தேன், பட்டறைக் கழிவுத் தகட்டை வளைத்துத் திருகினேன். கூரான முட்டுமூக்கு, வரிசையாகப் பீரங்கி ஓட்டைகள், குட்டையான புகைபோக்கி, இரண்டு தூண்களின் மேல் குறுக்கே ஒரு நடைபாலம். அசல் அப்படியே வந்திருந்தது.

கிளம்பும் நாள் காலையில் அட்டைப்பெட்டியைக் கொக்கித் தராசில் தூக்கினோம். அனுமதி முப்பது கிலோ. முள் முப்பத்து நாலில் நின்றது.

"கப்பலுக்குத் தனியா ஒரு டிக்கெட் போட்டுருங்கண்ணே," என்றார் ரூமில் சமைப்பவர்.

"சும்மா இருய்யா. அண்ணன் கையால செஞ்சது, போகட்டும்," என்றார் வெல்டர்.

அந்த இடத்தில் நான் திருப்புளியை எடுத்துத் தகடுகளைக் கழற்றியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக விளக்கம் சொன்னேன். "அந்தக் காலத்துலயும் இதே பிரச்சினைதான். மேல இருக்கறதைக் குறைச்சாங்க."

பெட்டியில் மேலே இருந்தது அவர் மனைவிக்கு வாங்கிய கம்பளி.

அவர் கயிற்றை அவிழ்த்து அதை எடுத்து என் கட்டிலில் வைத்தார். "அவளுக்கு அப்புறமா வாங்கிக்கலாம்ணே." விசா கேன்சல் ஆனவருக்கு ஏது அப்புறம்? 'வேண்டாம்' என்ற சொல் தொண்டைவரை வந்தது. ஆனால் என் கப்பல் ஒரு வீட்டின் கண்ணாடி அலமாரிக்குப் போகப்போகிறதே! தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்தார்.

"கம்பளியை அடுத்து லீவுல வர்றவர்கிட்ட குடுத்து விடறேன்," என்று முந்திக்கொண்டேன். பிறகு, அடக்க முடியாமல், "வீட்டுல கப்பலைப் பாத்தாங்களா?"

"பாத்தாண்ணே. கம்பளி எங்கன்னா. இதுக்காக எடுத்து வச்சிட்டேன்னு சொன்னேன். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பாத்தா."

"என்ன சொன்னாங்க?"

"இஸ்திரிப் பெட்டி நல்ல கனமாத்தான் இருக்காம். கரி போட எந்தப் பக்கம் திறக்கணும்னு கேக்கச் சொன்னாண்ணே."