நரசிம்மருக்கு ஒரு வாளித் தண்ணி

அரிசி மாவுப் பசை வாசம்... அதுக்கு மேல தேங்காய் எண்ணெய் வாசம்.

ஆறாம் வகுப்பு ரூம்ல ஒரு பெரிய மனுசர் தரையில மல்லாந்து படுத்திருக்கார். இன்னொருத்தர் அவர் தாடையோரமா வேசத்துக்காக வெள்ளைக் காகிதத்த வெட்டி வெட்டி ஒட்டிக்கிட்டிருக்கார். ஜன்னல் கம்பி பூரா எங்க புள்ளைங்க மூக்கு.

திருமயத்துல இருந்து உள்ளடங்குன ஊரு அது. நான் டீச்சரா வேலைக்குச் சேர்ந்த மொத வருசம். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போய் கதகளி ஆடிக் காட்டுற ஒரு குழுவ நாந்தான் ஆசையா வரச் சொல்லியிருந்தேன். பிரகலாதன் கதை. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்துட்டோமோன்னு அன்னிக்குக் காலையில இருந்தே பயம்.

காரணம் இருக்கு. வேன்ல இருந்து எறங்குனதுமே குழுவோட வந்த அம்மா சொன்னாங்க, "போன ஊர்ல புள்ளைங்க ஒரே கேலி, சிரிப்பு டீச்சர். பாதியில நிறுத்திட்டோம்." அவங்க சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல.

அது எங்க ஹெச்.எம். சார் காதுலயும் விழுந்துருச்சு. கழுத்துல எப்பவும் ஒரு விசில் தொங்கும் அவருக்கு.

"இங்க பாருங்கம்மா... நம்ம எடத்துக்கு வந்தவங்கள அவமானப்படுத்தக் கூடாது. சத்தம் வந்துச்சு, விசிலடிச்சு நிறுத்திருவேன். அப்பறம் இந்த மாதிரி எதையும் கேட்டு எங்கிட்ட வராதீங்க."

நானும் ஒரு வாரமா அதே பாடத்தத்தான் நடத்தியிருந்தேன். கை தட்டக் கூடாது... பேசக் கூடாது... வேசம் கட்டுனவர் வாயத் தெறக்க மாட்டார், கண்ணாலயும் கையாலயும்தான் பேசுவார், நாமளும் கப்சிப்னு இருக்கணும்...

ஒண்ண மட்டும் சொல்லாம விட்டுட்டேன். கண்ணு செவக்குறதுக்காக இமைக்குள்ள ஒரு சின்ன விதைய வச்சுக்குவாங்க. அதச் சொன்னா மறுநாளே எங்க பசங்க கண்ணுல எதையாவது போட்டுக்கிட்டு வந்து நிப்பாங்களே!

வகுப்புக்கு நடுவுல இருந்த தட்டிய எடுத்துட்டு ஒரே ஹாலாக்கியிருந்தோம். செண்டை மேளத்துல மொத அடி விழுந்ததும் ஓட்டுல இருந்த புறா எல்லாம் பறந்துருச்சு. இரணியன் வந்தார். யாரும் சிரிக்கல. நான் ஆட்டத்தப் பாக்கவே இல்லைங்க... புள்ளைங்க வாயத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

அப்பறம் நரசிம்மர். செவந்த கண்ணு. தொண்டைக்குள்ள இருந்து ஒரு உறுமல். இரணியனக் கிழிச்சுப் போட்ட பெறகும் அவருக்குக் கோவம் அடங்கல. ஆடுறார்... ஆடுறார்...

அப்பத்தான் பொம்பளப் புள்ளைங்க பக்கம் இருந்து ஒரு குலவை. ஒருத்தி ஆரம்பிச்சா, வரிசை பூரா தொத்திக்கிச்சு.

சார் கை விசிலுக்குப் போச்சு.

அவர் ஊதுறதுக்குள்ள, அந்தச் சத்தத்துக்கு நடுவுல எட்டாம் வகுப்பு பாண்டிச்செல்வி எந்திரிச்சா. பின்னாடி இருந்த குடிதண்ணி வாளியத் தூக்கிக்கிட்டு நேரா முன்னாடி போனா. நரசிம்மர் கால்ல ஊத்திட்டா!

தரையில பாட்டுக்காரரோட மைக் வயர் கெடக்கு. விழுந்தடிச்சு ஓடிப்போய் பிளக்கப் புடுங்குனேன். ஸ்பீக்கர் செத்துருச்சு. நரசிம்மர் உடுப்போட ஓரமெல்லாம் தொப்பலா நனைஞ்சிருந்துச்சு. எல்லாம் போச்சுன்னு நெனைச்சேன்.

அவர் குனிஞ்சு காலப் பாத்தார். அவளப் பாத்தார். பாட்டுக்காரர் மைக் இல்லாமலே பாட, செண்டை மெல்ல அடங்குச்சு. துடிச்சுக்கிட்டிருந்த கன்னம் நின்னுச்சு, புருவம் எறங்குச்சு. அப்பறம் ஒரு கைய அவ தலையில வச்சார். கை கூப்பிக்கிட்டு ஓரமா காத்திருந்த பிரகலாதன் வேசக்காரரும் வந்து அவ பக்கத்துல நின்னுக்கிட்டார். கதையிலயும் நரசிம்மர் கோவத்த எறக்குறது ஒரு சின்னப் புள்ளதானே...

முடிஞ்சதும் சார் அவளக் கூப்பிட்டார். "ஏத்தா, எதுக்கு ஊத்துன?"

"உக்கிரம் எறங்கவே இல்லையே சார். கண்ணு செவந்து நிக்கிறாரு, இத்தன பேரு இருக்கீங்க, ஒருத்தரும் தண்ணி ஊத்தல. எங்கப்பாதான் எங்க ஊர்ல சாமியாடி. அவருக்கு நாந்தான் சார் ஊத்துவேன்."

சார் விசிலக் கழட்டி சட்டைப் பையில போட்டுக்கிட்டார். "அடுத்த வருசம் எப்ப வருவாங்கன்னு கேட்டு வைங்கம்மா"ன்னார். நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போய் நல்லா அழுதேன்.

இப்ப கீரனூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல நாந்தான் ஹெச்.எம். ஸ்மார்ட் போர்டெல்லாம் இருக்கு. போன வாரம் ஒரு கதகளி வீடியோ போட்டோம். நரசிம்மர் உறுமுறார்... புள்ளைங்க அவ்வளவு அமைதி. "டீச்சர், கொஞ்சம் ஓட்டி விடலாமா?"ன்னு ஒரு பையன் மரியாதையாத்தான் கேட்டான்.

வர்ற வெள்ளிக்கிழமை ஒரு குழு நேர்லயே வருது. புதுசா வந்த டீச்சர் நேத்து வேர்த்து விறுவிறுத்து வந்து நிக்கிறாங்க. "புள்ளைங்க சத்தமே போடாமப் பாத்துக்கறேன் மேடம்."

"போட்டா போடட்டும்மா. மைக் வயர மட்டும் ஒசத்திக் கட்டச் சொல்லுங்க. பின்னாடி ஒரு வாளி தண்ணி நெறைச்சு வைங்க"ன்னேன்.

எடுத்து ஊத்த ஒரு பாண்டிச்செல்வி இருப்பாளான்னுதான் எனக்கு இப்ப பயமா இருக்கு.