பாய்லர் வாசலில் ஒரு ஜோடி செருப்பு

இது நடந்தது. நம்பாதவர்களிடம் அஸார் போனை எடுத்துக் காட்டுவான். நவம்பர் 14, பிற்பகல் 2:52. மனைவி ஷமீராவின் அழைப்பு. பேசியது நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் தன் முதுகுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று மட்டும் அவனால் சொல்ல முடியாது.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்து ஊர். ஒரு காலத்தில் அங்கே பதினான்கு அரிசி மில்கள் ஓடின. மில் சத்தத்தில், கடைத்தெருவில் டீ கேட்பவன்கூடக் கத்தித்தான் கேட்பானாம். இப்போது ஒன்றும் ஓடவில்லை. கடைசி மில்லின் பாய்லரை அஸார் பழைய இரும்புக்கு வாங்கியிருந்தான். கூரைத் தகடுகள் முன்பே விலை போய்விட்டன. பாய்லர் வானம் பார்த்து நின்றது.

காலை பத்து மணிக்கு, ஆள் இறங்கும் வழியின் மூடியைத் திறந்தார்கள். நான்கு நட்டுகள். எண்ணெய் விட்டதும் சுலபமாகக் கழன்றன. மதியம், உள்ளே இறங்கித் தகட்டின் கனம் பார்க்க ரெத்தினம் தயாரானான். அஸாரிடம் ஒன்பது வருடமாக இரும்பு வெட்டுபவன்.

காவலுக்கு இருந்த தங்கையன் தடுத்தார். அதே மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்தவர்.

"தம்பி, செருப்பக் கழட்டி வாசல்ல போட்டுட்டு இறங்கு. செருப்பு கிடந்தா உள்ள ஆளு இருக்குன்னு அர்த்தம். யாரும் மூட மாட்டாங்க. இங்க அதான் பழக்கம்."

"மூடுறதுக்கு இந்த ஊர்ல ஆளு வேணுமேண்ணே," என்றான் அஸார்.

ரெத்தினம் சிரித்தான். "நான் ஷூ போட்டிருக்கேன் பெரியவரே. இதக் கழட்டி மாட்டுறதுக்குள்ள பொழுது போயிரும்."

ஷூவோடு இறங்கினான். மணி 2:40.

பத்து நிமிடத்தில் தூறல். அப்போதுதான் அஸார் பார்த்தான். மூடியருகே ஒரு ஜோடி செருப்பு. டயர் அடி, நீல வார். புதுசு. தங்கையனுடையதாக இருக்கும். நனைகிறதே என்று எடுத்து, பக்கத்தில் கூரையிருந்த கொட்டகைக்குள் சுவரோரம் வைத்தான்.

போன் அடித்தது. பேசிக்கொண்டே கேட் வரை நடந்தான். தங்கையன் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் காலில் செருப்பு இருந்தது...

2:56. அஸார் திரும்பி வந்தான்.

மூடி போட்டிருந்தது.

நான்கு நட்டுகளும் இறுக்கியிருந்தன. மேலே துரு. காலையில் விட்ட எண்ணெயைக் காணோம். பல வருடம் யாரும் தொடாத துரு...

டங். டங். டங்.

"ரெத்தினம்!"

டங். டங்.

தங்கையன் ஓடி வந்தார். ஸ்பேனர் வழுக்கியது. சுத்தியலால் அடித்தார்கள். முதல் நட்டு கழன்றபோது 3:04.

உள்ளே சத்தம் நின்றது.

மழை மட்டும்.

பிறகு...

டங்.

3:11. மூடி விழுந்தது. ரெத்தினத்தை வெளியே இழுத்தார்கள். விரல் மூட்டுகளில் தோல் இல்லை. தண்ணீர் கொடுத்தார்கள்.

"நான் தட்டுறத விட்டுட்டேன் பாய். மூச்சு முட்டுச்சு. அந்த அண்ணந்தான் விடல. 'தட்டு, நிறுத்தாத, இன்னிக்குக் கேக்கும்'னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

"எந்த அண்ணன்?"

"உள்ள இருந்தாரே... நீங்க அனுப்புன ஆளுன்னு நெனச்சேன்."

அஸார் டார்ச் அடித்துப் பார்த்தான். யாரும் இல்லை. துருப் பொடியில் ஷூ தடம். பக்கத்தில் வெறுங்கால் தடம்.

தங்கையன் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

மாலை, ஆஸ்பத்திரி வாசலில்தான் வாய் திறந்தார். இருபத்தாறு வருடமாக யாரிடமும் சொல்லாதது. அன்பரசன் என்றொரு ஆள் பாய்லர் கழுவ இறங்கினான். மழை வந்தது. செருப்பு புதுசு. நனைய வேண்டாமே என்று தங்கையன் அதைக் கொட்டகைக்குள் எடுத்து வைத்தார். மேஸ்திரி வந்து பார்த்தார். வாசலில் செருப்பு இல்லை. மூடியை முடுக்கிவிட்டார்.

"ரொம்ப நேரம் தட்டியிருக்கான் பாய். கையெல்லாம் கிழிஞ்சு கிடந்துச்சு. அப்ப பதினாலு மில்லு ஓடுது... யாருக்குக் கேக்கும்?"

அஸார் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நானும் எடுத்து வச்சேண்ணே. நீல வாரு, டயர் செருப்பு. அங்க சுவரோரந்தான் இருக்கும்."

தங்கையன் தலையைத் தூக்கினார்.

"இருக்காது பாய். அத அவன் காலுல மாட்டிவிட்டு, குழியில மண்ணு தள்ளுனதே நான்தான்."