படத்துக்குக் கீழே இருந்த நேரம்

நெல்லியடியில் யாழ்ப்பாண மினிபஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்த பெண்ணின் நகங்களுக்குள் தோட்ட மண். கைபேசியில் செயற்கைக்கோள் தரும் மழைப் படத்தை அடிக்கடி திறந்தார். ஒவ்வொரு முறையும் படத்துக்குக் கீழே இருந்த நேரத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"ஏனக்கா நேரத்தைப் பாக்கிறியள்?"

"போனமுறை மூண்டு மணித்தியாலம் பழைய படத்தை நம்பி, கிண்டிக் காயவிட்ட வெங்காயத்தை மூடாமல் விட்டிட்டன் தம்பி. எல்லாம் அழுகிப்போச்சு. முந்தி பெரிய சாட்டிலைட் ஒண்டு மேலாலை போனால் அடுத்தது வரக் கனநேரம். இப்ப சின்னன் சின்னனாய்க் கனக்க விடுகினமாம். உந்த மினிபஸ் மாதிரி, ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு. முகிலுக்குள்ளை மழை இருக்கோ எண்டும் பாக்குமாம்."

புத்தூர் தாண்டியதும் புதுப்படம் வந்தது. நெல்லியடிக்குக் கிட்ட, தொண்டைமானாற்றுக்கு வெளியே கடலில் மழை. உடனே தன் வீட்டுக்காரருக்கு அழைத்து, வெங்காயத்துக்கு மேல் படங்கை, அந்தத் தார்ப்பாயை, விரிக்கச் சொன்னார்.

"நல்லா வெயில் எறிக்குது. இப்ப ஏன் படங்கு?" என்று அவர் மறுத்தது எனக்கும் கேட்டது.

"இறக்கம்!" என்று எழுந்தார் பெண்.

"மழை வராட்டில்?" என்று கேட்டேன்.

"வராட்டில் நல்லதுதானே, வெங்காயம் காயும்."

எதிர்ப்பக்கம் போய், நெல்லியடிக்குத் திரும்பும் மினிபஸ்ஸுக்குக் கை காட்டினார்.

பின்னேரம் நானும் அதே வழியால் திரும்பினேன். நெல்லியடிக்குக் கிட்ட றோட்டெல்லாம் ஈரம். ஒரு தோட்டத்தில் நீலப் படங்கு விரித்திருந்தது. மேலே மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. ஒரு மனிதர் அதன் ஓரத்தைத் தூக்கி, உள்ளே கையை விட்டு வெங்காயத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் அந்தப் பெண்ணின் வீட்டுக்காரராக இருக்கவேண்டும் என்று இன்றும் விரும்புகிறேன்.